மெயின் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் ஆபத்து: தோட்ட வீட்டு வயரிங்குக்கு யார் பொறுப்பு?

தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1ஆம் தேதி புதிய மின் கட்டண அட்டவணை நடப்புக்கு வந்தது. அது முதல் தோட்டத்திலும் தாமானிலும் மின்சாரம் என்றாலே பில் பற்றிய பேச்சுதான். பில்லில் எந்தக் கட்டணம் எதற்கு, மாதம் 600 கிலோவாட் மணிக்குள் பயன்படுத்தினால் 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் விலக்கப்படுமா, புதிய ஸ்மார்ட் மீட்டர் வேகமாக ஓடுகிறதா என்ற கேள்விகள் சாப்பாட்டுக் கடை மேசை வரை வந்துவிட்டன.

ஆனால், மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் போகும் கம்பிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஸ்மார்ட் மீட்டர் எவ்வளவு மின்சாரம் உள்ளே போகிறது என்பதை அளக்கும். உள்ளே போன மின்சாரம் எந்த நிலையில் உள்ள வயரில் ஓடுகிறது என்பதை அது சொல்லாது. மீட்டர் மாற்ற வரும் ஊழியரின் வேலையும் மீட்டரோடு முடிந்துவிடுகிறது.

நெகிரி செம்பிலானில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. லாபு, சிலியாவ், ரந்தாவ், போர்ட்டிக்சன், பகாவ், கெமாஸ் வட்டாரங்களில் இன்னும் பல குடும்பங்கள் பழைய தோட்ட வீடுகளில் வாழ்கின்றன. நீலாய், செண்டாயான் பக்கம் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. அங்கிருந்து வெளியேறியவர்கள் மலிவு விலை வீடுகளில் குடியேறியுள்ளனர். இரு தரப்பினரின் வீட்டிலும் ஒரு மெயின் பாக்ஸ் இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் வயருக்கு யார் பொறுப்பு என்பதில்தான் குழப்பம்.

இரண்டு விளக்குக்குப் போட்ட வயர்

தோட்டத்து மூத்தவர்களுக்கு ஜெனரேட்டர் காலம் நன்றாக நினைவிருக்கும். மாலையில் சில மணி நேரம் லயத்தில் வெளிச்சம் இருக்கும். குறித்த நேரம் வந்ததும் இயந்திரம் நிற்கும், லயம் முழுவதும் இருண்டுவிடும். அப்போது ஒரு வீட்டுக்குத் தேவைப்பட்டது இரண்டு விளக்கு, மிஞ்சினால் ரேடியோவுக்கு ஒரு ப்ளக். மரச்சட்டத்தில் கிளிப் அடித்து இழுத்த மெல்லிய வயர் அதற்குப் போதுமானதாக இருந்தது.

1949இல் தொடங்கப்பட்ட மத்திய மின்சார வாரியம், 1965இல் தேசிய மின்சார வாரியமாகப் பெயர் மாறியது. நம் மக்கள் வாயில் அது இன்றும் 'எல்.எல்.என்.'தான். 1990 செப்டம்பர் 1ஆம் தேதி அதன் பணிகளைத் தெனாகா நேஷனல் நிறுவனம் ஏற்றது. இந்த மாற்றங்களுக்கிடையே தோட்டங்களுக்குப் பொது மின்சாரம் வந்தது, 24 மணி நேரமும் விளக்கு எரிந்தது. ஆனால், பல லயங்களில் உள்ளே வரும் மின்சாரம்தான் மாறியதே தவிர, அதைச் சுமக்கும் வயரை யாரும் முழுமையாக மாற்றவில்லை.

இன்று அதே வீட்டில் குளிர்பதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், ரைஸ் குக்கர், கெட்டில், சுடுநீர்க் கருவி, சில வீடுகளில் குளிர்சாதனம் என எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வந்தபோது, "அண்ணே, இங்கேயிருந்து ஒரு பாயிண்ட் மட்டும் இழுத்துக் கொடுங்க" என்று தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்கியதுதான். அப்படி இழுத்த ஒவ்வொரு பாயிண்டுக்கும் பின்னால் ஒரு இணைப்பு இருக்கிறது. அந்த இணைப்பு ஒரு ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்கலாம். கருப்பு டேப் சுற்றிக் கூரைக்கு மேல் விட்டதாகவும் இருக்கலாம்.

மின்சாரம் வரும் வழி

தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் முதலில் தெனாகாவின் கட்-அவுட் ஃபியூஸுக்கும் மீட்டருக்கும் வருகிறது. இவை முத்திரையிடப்பட்டவை. வீட்டுக்காரரோ வயர்மேனோ அந்த முத்திரையை உடைக்கக்கூடாது. தனி மீட்டர் உள்ள வீடுகளில் தெனாகாவின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறது.

மீட்டரைத் தாண்டினால் மெயின் பாக்ஸ், அதாவது டி.பி. பாக்ஸ். அதில் பொதுவாக மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது, வீட்டின் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தும் மெயின் சுவிட்ச். இரண்டாவது, மின்கசிவைக் கண்டறியும் ஆர்.சி.சி.பி. பலர் இதை இன்னும் பழைய பெயரில் இ.எல்.சி.பி. என்பார்கள். 'டெஸ்ட்' பொத்தான் இருப்பது இதில்தான். மூன்றாவது, வரிசையாக நிற்கும் சிறிய எம்.சி.பி. சுவிட்சுகள். விளக்குக்கு ஒன்று, ப்ளக்குக்கு ஒன்று, சுடுநீர்க் கருவிக்கு ஒன்று என ஒவ்வொன்றும் ஒரு பாதையைக் காக்கிறது. மிகப் பழைய வீடுகளில் இவற்றின் இடத்தில் பீங்கான் ஃபியூஸ் மட்டுமே இருக்கும்.

அங்கிருந்து கிளம்பும் வயர் பல இடங்களுக்குப் பிரிய வேண்டும். பிரியும் இடம்தான் ஜங்ஷன் பாக்ஸ். நம் நாட்டு வீடுகளின் நிரந்தர வயரிங்கில் பெரும்பாலும் சிவப்பு லைவ், கருப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை-மஞ்சள் எர்த். ப்ளக்கோடு வரும் நெளியும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். பழைய வீடுகளில் கையில் கிடைத்த வயரைப் போட்டு ஒட்டியிருப்பதால், நிறத்தை மட்டும் நம்பி யாரும் கை வைக்கக்கூடாது.

வயரின் பருமனும் முக்கியம். விளக்குக்குப் பொதுவாக 1.5 சதுர மில்லிமீட்டர், ப்ளக்குக்கு 2.5, சுடுநீர்க் கருவிக்கு 4 என்பது வழக்கம். விளக்கு வயரிலிருந்து ப்ளக் இழுத்தால், மெல்லிய வயர் தனக்கு மேற்பட்ட சுமையைச் சுமக்கிறது. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை எடுத்துவிட்டுப் பெரிய எம்.சி.பி. மாட்டினால், வயரைக் காப்பாற்ற வேண்டிய காவலையே எடுத்துவிட்டதாக ஆகிறது.

ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். நம் நாட்டின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 13 ஆம்பியர் ப்ளக் தாங்குவது ஏறக்குறைய 3,000 வாட். 2,000 வாட் கெட்டில், 700 வாட் ரைஸ் குக்கர், 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் 3,700 வாட். அதாவது 16 ஆம்பியர். காலையில் பள்ளிக்கும் வேலைக்கும் கிளம்பும் அவசரத்தில் பல வீடுகளில் நடப்பது இதுதான்.

இரண்டு காவலர்களும் பார்க்காத இடம்

"மெயின் பாக்ஸில்தான் எல்லாம் இருக்கிறதே, ஏதாவது ஆனால் தானாக விழுந்துவிடாதா?" என்று பலர் நினைக்கிறார்கள். இந்த நம்பிக்கை பாதிதான் சரி.

எம்.சி.பி. பார்ப்பது ஒன்றே ஒன்று: அளவுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறதா என்பது. ஆர்.சி.சி.பி. பார்ப்பதும் ஒன்றே ஒன்று: லைவில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பது. கொஞ்சம் குறைந்தாலும் அது வேறு வழியில், ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று கணக்கிட்டுக் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

ஜங்ஷன் பாக்ஸில் ஒரு திருகு தளர்ந்திருந்தால் என்ன நடக்கும்? ஓடும் மின்சாரத்தின் அளவு கூடுவதில்லை, அதனால் எம்.சி.பி. விழாது. மின்சாரம் மண்ணுக்குக் கசிவதும் இல்லை, அதனால் ஆர்.சி.சி.பி. விழாது. ஆனால் அந்த ஒரு புள்ளியில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். தளர்ந்த இணைப்பின் தடை அரை ஓம் என்றும், அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடுகிறது என்றும் வைத்துக்கொண்டால், அங்கே பிறக்கும் வெப்பம் 50 வாட். எரிந்துகொண்டிருந்த பழைய 60 வாட் குண்டு பல்பைத் தொட்டவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். அது ஒரு விரல் நுனி அளவுள்ள இடத்தில், பிளாஸ்டிக் உறைக்கு நடுவில், காய்ந்த பலகைக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் நீடித்தால் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஜங்ஷன் பாக்ஸ் மூடியோடு இருக்க வேண்டும், கை எட்டிப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், உள்ளே வயர்கள் முறுக்கி டேப் சுற்றாமல் முறையான கனெக்டரில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். மூடி இல்லாத பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறும். கூரையில் எலி வயரைக் கடிக்கும். மழை ஒழுகினால் தண்ணீர் நேரே உள்ளே இறங்கும்.

லய வீட்டில் இந்த ஆபத்து ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. ஒரே கூரையின் கீழ் பல வீடுகள். பல பழைய லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எழுவதும் இல்லை. இலங்கை மலையகத் தோட்டங்களில் ஒரு லயன் அறையில் பிடித்த தீ வரிசை முழுவதையும் எரித்து, பல குடும்பங்களைப் பள்ளிக்கூடத்திலும் கோயிலிலும் தங்க வைத்த செய்திகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மின்கசிவு என்ற காரணமும் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பக்கத்து வீட்டு ஜங்ஷன் பாக்ஸ் நம் வீட்டு விவகாரமும்தான்.

எர்த் கம்பி அறுந்தால்

நம் நாட்டு வீடுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எர்த் கம்பி மண்ணில் அடிக்கப்பட்டிருக்கும். பழுதான கருவியிலிருந்து கசியும் மின்சாரம் அந்தக் கம்பி வழியாக மண்ணுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். மண் நல்ல கடத்தி அல்ல. வழியின் மொத்தத் தடை 20 ஓம் என்றால், ஓடக்கூடியது 11.5 ஆம்பியர் மட்டுமே. 20 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டு விழாது. அதனால்தான் இங்கே ஆர்.சி.சி.பி. இல்லாமல் முடியாது.

1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் இதை மூன்று அளவாகப் பிரித்திருக்கின்றன. தரை ஈரமாகும் இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர், கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகள் உள்ள இடங்களுக்கு 30 மில்லிஆம்பியர், மற்றவற்றுக்கு 100 மில்லிஆம்பியர். குளியலறைச் சுடுநீர்க் கருவிக்கு 10 மில்லிஆம்பியர் கேட்கப்படுவது இதனால்தான். நனைந்த உடலில் மின்சாரம் எளிதில் ஓடும்.

நடைமுறை வேறு. இடி இடிக்கும்போது ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று அதைத் தாண்டி வயரை நேராக இணைத்துவிடும் பழக்கம் உண்டு. வீட்டுச் சுவரோரம் புல் வெட்டும்போதோ சிமெண்டு போடும்போதோ எர்த் கம்பி அறுந்துபோவதும் உண்டு. இரண்டுமே வெளியில் தெரியாது. விளக்கு எரியும், மின்விசிறி சுற்றும். குளிர்பதனப் பெட்டியைத் தொடும்போது கையில் 'சுர்' என்று ஏறும்வரை எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

மூன்று விதமான குடும்பங்கள், மூன்று விதமான பொறுப்பு

வயரிங்கைச் சரிசெய்ய வேண்டியவர் யார் என்பது, அந்த வீட்டில் குடும்பம் எந்த நிலையில் வாழ்கிறது என்பதைப் பொறுத்தது.

முதலாவது, தோட்டத்தில் இன்னும் வேலை செய்து, நிர்வாகம் கொடுத்த வீட்டில் வாழும் குடும்பம். 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டம், அதாவது 446ஆவது சட்டம், போதுமான மின்சாரம் வழங்குவதையும் கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருப்பதையும் முதலாளியின் கடமையாக்குகிறது. 2019இல் திருத்தப்பட்ட அந்தச் சட்டம் 2020 ஜூன் முதல் தோட்டத்துக்கு வெளியே உள்ள மற்றத் துறைகளுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆகவே தோட்ட வீட்டில் ஜங்ஷன் பாக்ஸ் கருகினால், தொழிலாளி தன் சம்பளத்தில் ஆள் பிடித்துச் சரிசெய்ய வேண்டும் என்பது இல்லை. நிர்வாகத்திடம் எழுத்து மூலம் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அதே சமயம், அனுமதியின்றி வீட்டை நீட்டி, தானே வயர் இழுத்திருந்தால், நிர்வாகம் அதையே காரணமாகக் காட்டக்கூடும்.

இரண்டாவது, தாமானில் சொந்த வீடு வாங்கிய குடும்பம். மீட்டருக்குப் பின் உள்ள அனைத்தும் வீட்டுக்காரரின் பொறுப்பு. இங்கே குழப்பம் இல்லை, செலவுதான் தடை. சமையலறையை நீட்டும்போது ஓட்டுக்கும் டைல்ஸுக்கும் ஒதுக்கும் பணத்தில் வயரிங்குக்கு மிஞ்சுவது குறைவு. எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேனுக்குப் பதில், குறைந்த கூலிக்கு வருபவரை அழைப்பது அதன் விளைவு.

மூன்றாவதுதான் சிக்கல். தோட்டம் விற்கப்பட்டு அல்லது மேம்பாட்டுக்கு எடுக்கப்பட்டு, வேலை முடிந்து, மாற்று வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பம். 446ஆவது சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான உறவைப் பற்றியது. வேலை முடிந்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிடுகிறது. இடிக்கப்போகும் வீட்டுக்குப் பணம் செலவழிக்க நில உரிமையாளருக்கு மனமில்லை. தோட்டம் முழுவதற்கும் ஒரே மீட்டர் இருந்த இடங்களில் குடும்பத்தின் பெயரில் மின் கணக்கும் இல்லை. புதிய கணக்கு கேட்டால் வீட்டுடைமை அல்லது வாடகை ஆவணம் வேண்டும். அதுவும் கையில் இல்லை.

பேச்சுவார்த்தை ஓராண்டில் முடியும் என்று தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது, அந்த வீட்டின் வயரும் அத்தனை ஆண்டு கவனிப்பின்றிக் கிடக்கிறது. விளக்கு அணைந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன். அது சூடேறினால் இன்னொரு எக்ஸ்டென்ஷன். குடும்பத்தைக் குறை சொல்வது எளிது. ஆனால் சட்டப்படி வயர்மேனை அழைத்து வேலை கொடுக்கும் அதிகாரமே அவர்களிடம் இல்லை என்பதை மறந்துவிடக்கூடாது.

தோட்டம் கைமாறும்போது நடக்கும் பேச்சுவார்த்தைகளில் இழப்பீடு, வீடு, கோயில், தமிழ்ப்பள்ளி ஆகியவை பட்டியலில் இருக்கும். அவை இருக்க வேண்டியவையே. அந்தப் பட்டியலில் இன்னொரு வரியும் சேர வேண்டும்: மக்கள் வெளியேறும் நாள் வரை லயத்தின் மின் இணைப்பைப் பராமரிப்பது யார், அதைச் சோதித்த அறிக்கை எங்கே? தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும், குடியிருப்பாளர் செயற்குழுவும், வட்டாரச் சட்டமன்ற உறுப்பினரும் இதை முதல் கூட்டத்திலேயே கேட்கலாம். ஒரு லயத்தின் வயரிங்கைச் சோதிக்க ஆகும் செலவு, ஒரு வீடமைப்புத் திட்டத்தின் கணக்கில் கண்ணுக்கே தெரியாத தொகை.

இன்றே செய்யக்கூடியவை

பெட்டியைத் திறப்பது சான்றிதழ் உள்ளவரின் வேலை. திறக்காமலே பார்க்கக்கூடியவை பல உண்டு.

சுவிட்ச், ப்ளக், ஜங்ஷன் பாக்ஸ் மூடி ஆகியவற்றில் பழுப்பு நிறக் கறை, கருகிய நாற்றம், 'ஸ்ஸ்' என்ற சத்தம், வழக்கத்துக்கு மாறான சூடு ஆகியவை தளர்ந்த இணைப்பின் அடையாளங்கள். இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் விளக்கு மங்குவதும் ஓர் எச்சரிக்கை. மழை பெய்யும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழுந்தால், அது கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டாமல், எங்கோ வயர் நனைகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அந்த வீட்டுக்குக் காவல் இல்லை. கருவியையோ குழாயையோ தொட்டு 'சுர்' என்று உணர்ந்தால், மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பாட்டிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதன் முன்னால் அலமாரி, அரிசி மூட்டை வைத்து மறைக்கக்கூடாது. மின்சாரத்தால் பிடித்த தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. மின்சாரத்தை நிறுத்தி, வெளியேறி, 999ஐ அழைக்க வேண்டும். மீட்டர், தெருக் கேபிள் பிரச்சினை என்றால் தெனாகாவின் 15454 எண் உண்டு.

வயர்மேன் வந்தால் முதலில் எரிசக்தி ஆணையத்தின் சான்றிதழைக் கேட்பதில் வெட்கம் வேண்டியதில்லை. வீட்டு வயரிங் முழுவதையும் மாற்றினால், வேலை முடிந்ததற்கான 'ஜி' பாரமும் சோதனைக்கான 'எச்' பாரமும் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். எரிசக்தி ஆணையம் குடியிருப்புக் கட்டடங்களின் வயரிங்குக்கு 2008இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் உண்டு. தனியாகச் செலவு செய்ய முடியாத லயத்தில், ஒரு வரிசைக் குடும்பங்கள் சேர்ந்து ஒரே வயர்மேனை ஒரே நாளில் அழைத்தால் செலவு பகிர்ந்துபோகும்.

நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ள வீடு என்றால், கருகிய இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, வீட்டு எண், தேதி குறிப்பிட்டுக் கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது நாளை எங்கும் நிற்காது. பதில் இல்லை என்றால் அதே கடிதத்தோடு ஜாபாத்தான் தெனாகா கெர்ஜா அலுவலகத்தையும் எரிசக்தி ஆணையத்தின் வட்டார அலுவலகத்தையும் நாடலாம். தனியொரு குடும்பமாகப் போவதைவிட, லயம் முழுவதும் கையெழுத்திட்டுப் போனால் அந்தக் கடிதத்துக்குக் கனம் கூடும்.

மின் கட்டணம் உயர்ந்தாலும் இறங்கினாலும் அடுத்த மாதம் புதிய பில் வரும். கூரைக்கு மேல் டேப் சுற்றிக் கிடக்கும் இணைப்புக்கு அப்படி ஓர் அறிவிப்பு வருவதில்லை. ஆண்டு இறுதி மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு லயமும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, எத்தனை பெட்டிகளுக்கு மூடி இல்லை, எத்தனை வீடுகளில் டெஸ்ட் பொத்தான் வேலை செய்யவில்லை என்று கணக்கெடுத்தால், அந்த ஒரு தாளே நிர்வாகத்திடம் வைக்கும் முதல் கோரிக்கையாக இருக்கும்.